அடைப்புக்குறிக்குள் மூன்று அடுப்பு

வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் சும்மா இருப்பவள் என்பது எங்கள் சொந்தக்காரர்களின் திடமான நம்பிக்கை. பாளையம்பட்டியில் என் புருஷன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு நாள் முழுக்க புரோகிராம் எழுதுகிறேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் போனால் மேனேஜரிடம் ஏச்சு. இதற்கு நடுவில்தான் பெரியப்பா மகன் போன் போட்டார். குலசாமி கோயில் நோட்டை அவர்தான் வைத்திருக்கிறார்.

“தங்கச்சி, தலைக்கட்டு நோட்டு கிழிஞ்சு தொங்குது. கம்ப்யூட்டர்ல ஏத்திக் கூட்டிக் குடுத்துரு. ஒனக்கு ஒரு தட்டு தட்டுற வேலைதான?”

ஒரு தட்டு தட்டுகிற வேலையாம்! எரிச்சலாக வந்தது. ஆனாலும் சரி என்றேன். மதினிக்காகத்தான்.

வருஷத்துக்கு ஒரு தரம் குலசாமிக்குக் கிடாய் வெட்டுவோம். கறியைத் தார்ப்பாயில் கூறு போட்டு, தலைக்கட்டுக்கு ஒரு கூறு கொடுப்பார்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆம்பளை ஒரு தலைக்கட்டு. பொம்பளை கிடையாது. என்னைப் போலக் கட்டிக்கொடுத்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். மதினி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் மாரடைப்பில் போனபோது நோட்டில் அவன் பெயரை அடித்தார்கள். அத்தோடு மதினியும் அவள் மகளும் கணக்கில் இல்லாமல் போனார்கள்.

இந்த வருஷக் கூட்டத்தில் மதினி எழுந்து கேட்டுவிட்டாள். தினமும் பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போய் ஜவுளிக்கடையில் கால் கடுக்க நிற்கிறவள் அவள். “அவுகதான் போனாக. என் அடுப்பு எரியுதுல்ல? எம் பேர எழுதுங்க” என்றாள். அரை மணி நேரம் ஆம்பளைகள் ஆளுக்கு ஒன்று பேசிவிட்டு, கடைசியில் சரி, எழுது என்றார்கள்.

எங்கள் நோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வாசலுக்குள் அடுப்புகள் பிரிந்திருந்தால் தனித்தனி வீடாக எழுத மாட்டார்கள். பெரியவர் மனசு சங்கடப்படும். வீட்டுப் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒவ்வொரு அடுப்பாக எழுதுவார்கள். எங்கள் வாசலில் அப்பா ஒரு அடுப்பு, தம்பி ஒரு அடுப்பு, இப்போது மதினி ஒரு அடுப்பு.

நோட்டுப் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து ஏற்றினேன். பங்காளிகளில் மொத்தம் மூன்று வகையறா. ஒவ்வொரு வகையறாவும் ஒரு பட்டியல், அதற்குள் வீடுகள், வீட்டுக்கு எதிரே எத்தனை கூறு என்ற எண். பெரும்பாலும் ஒன்று, பூசாரி வீட்டுக்கும் கிடாய் கொடுத்த வீட்டுக்கும் இரண்டு. அடைப்புக்குறி போட்ட வீடுகள் நாலு. அவற்றுக்கு மட்டும் எண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பட்டியல். எங்கள் வாசலுக்கு ஒன்று, ஒன்று, ஒன்று. அந்த மூன்றாவது ஒன்றை அடிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கையெழுத்து விளங்காத இடங்களில் எண்ணுக்குப் பதிலாக ‘கேக்கணும்’ என்று அடித்துவைத்திருந்தேன். கூட்டச் சொன்னதும் புரோகிராம் அந்த வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றது. வார்த்தையை எப்படிக் கூட்டும் பாவம்! எனக்குத்தான் பொறுமை இல்லை. அன்று காலையிலிருந்து மூன்று மீட்டிங், சனியன் பிடித்த தலைவலி வேறு. எண் இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் போனில் கேட்டு விளங்காததை எல்லாம் சரிசெய்தேன். சேர்த்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். பட்டியலும் எண் இல்லைதானே? அந்த நாலு வீட்டையும் கூட்டலிலும் தாளிலும் சத்தமே போடாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. போன வருஷம் நூற்றுப் பதின்மூன்று. ஒன்று குறைகிறதே, யாராவது செத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பிரிண்ட் எடுத்தேன். அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கவும்தான் இத்தனை வருஷமாக எனக்குச் சம்பளம்.

கிடாய் வெட்டன்று திருச்சுழி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்து போனபோது கூறு போட்டு முடித்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியப்பா மகன் என் பிரிண்டைப் பார்த்து வாசிக்க வாசிக்க, ஆட்கள் பாத்திரத்தோடு போய் வாங்கினார்கள். வாசித்து முடித்தார். தார்ப்பாய் காலி. நாலு வீட்டு ஆட்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். மதினி தூக்குவாளியும் கையுமாக நின்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. “நோட்டப் பாருங்கண்ணே, நான்தான் தப்பாக் கூட்டிட்டேன்!” என்று கத்தினேன்.

நோட்டு வீட்டில் இருந்தது. கம்ப்யூட்டர் தாள் இருக்கும்போது கிழிந்த நோட்டு எதற்கு என்று அவர் கொண்டுவரவில்லை. “இப்பப் போயி எடுத்துட்டு வர முடியுமா? ஆளுக்கு ஒரு பிடி போடுங்கப்பா. வாசலுக்கு ஒரு கூறு” என்றார். வாங்கினவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திருப்பிப் போட்டார்கள். நாலு கூறு ஆனது. எங்கள் வாசலுக்கானதை அப்பா போய் வாங்கிக்கொண்டார்.

மதினி முன்னால் வந்தாள். “எனக்கு?”

“ஒனக்குஞ் சேத்துத்தான அது? கம்ப்யூட்டர்லயே ஒம் பேரு வரல. நான் என்ன செய்ய?” என்றார் பெரியப்பா மகன். யாரோ சிரித்தார்கள்.

அவள் சண்டை போட்டு வாங்கியதை நான் ஒரே வரியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் திருத்தினேன். எண் வந்தால் கூட்டு. பட்டியல் வந்தால் அதற்குள்ளே போய்க் கூட்டு. அதற்குள்ளும் ஒன்று இருந்தால் அதற்குள்ளும் போ. ஐந்து நிமிஷ வேலை. நூற்று இருபத்தொன்று வந்தது. போன வருஷத்தைவிட எட்டு கூடுதல்; புதுசாக ஏழு அடுப்பு, எட்டாவது மதினி. ஒன்பது கூறு விட்டுப்போயிருந்தது. சாயங்காலமே மதினியிடம் போனேன். கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“இப்பச் சரியா வருது மதினி, பாருங்க” என்று போனை நீட்டினேன்.

அவள் பார்க்கவில்லை. “எங்கிட்ட எதுக்குத்தா காமிக்க? இல்லன்னு சொன்னது அம்புட்டுப் பேருக்கு முன்னாடி. நீ ஒத்தையில வந்து காமிக்கிற.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கிடாய் வெட்டி எட்டாம் நாள் கோயிலில் நடக்கும் பூசைக்கு லீவு கேட்டேன். மேனேஜர் முனகினார். முனகட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன். திருநீறு கொடுத்து முடித்ததும் எழுந்து நின்றேன். “நோட்டுல தப்பு இல்ல. தப்பு என்னோடது. சரியான கணக்க வாசிக்கிறேன், கேளுங்க” என்றேன்.

“கறிதான் முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்குத்தா?” என்றார் பெரியப்பா மகன்.

“கறிக்கு இல்லண்ணே.”

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சிலர் கொட்டாவி விட்டார்கள், சிலர் எழுந்தே போனார்கள். மூன்றாவது வகையறாவில் எங்கள் வாசல் வந்தது. அப்பாவை வாசித்தேன், தம்பியை வாசித்தேன். அப்புறம் மதினி பெயரை, முன்னால் அண்ணன் பெயரைச் சேர்க்காமல், அவள் பெயராகவே வாசித்தேன்.

அதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. பின்வரிசையில் மதினி எழுந்து நின்று, “இருக்கேன்” என்றாள்.