மோட்டார் இல்லாமல் திரும்புவது

பரந்தாமன் ஆன்டெனாவைக் கையில் எடுத்துக் குப்புறத் திருப்பி, பின்பக்கத்தில் மோட்டாரைத் தேடிக்கொண்டிருந்தார். நின்ற இடத்தில் நின்றபடியே திரும்புகிற பொருளைச் செய்வது எங்கள் தொழில். பார்க்கிற வேலை வெளியே தெரியாத உத்தியோகக்காரர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொன்னால் புரியும்.

உள்ளங்கை அகலம்

பரந்தாமன் ஊரப்பாக்கத்தில் கேபிள் டிவி நடத்துகிறவர். அவர் அப்பாவின் வயல்கள் பிளாட்டுகளாகிவிட்டன. அதில் எழுந்த வீடுகளுக்கு இவர்தான் இன்டர்நெட் கொடுக்கிறார். தோண்டிய தெருவையே மறுபடி தோண்டுகிறார்கள், கேபிள் அறுந்துகொண்டே இருக்கிறது. கேபிளே இல்லாமல் கொடுக்க முடியுமா என்று கேட்டுக் கீழ்க்கட்டளையில் உள்ள எங்கள் மாடி ஆபீசுக்கு வந்திருந்தார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் சொந்த டிசைனை மூட்டை கட்டிவிட்டு வெளிநாட்டு ஆன்டெனா போர்டை வாங்கி விற்கப்போவதாக எங்கள் முதலாளி சேகர் சார் முன்பே சொல்லியிருந்தார். அந்த டிசைன் என்னுடையது.

முடியும் என்றேன். உள்ளங்கை அகல போர்டில் வரிசையாகச் சின்னச் செப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் சிக்னலைத் துளித்துளி தாமதமாக அனுப்பினால், அலை டார்ச் வெளிச்சம் மாதிரி குவிந்து ஒரு பக்கமாகப் போகும். அதைத்தான் பீம் என்கிறோம். தாமதத்தை மாற்றினால் பீம் திரும்பும், போர்டு அசையாது. பரந்தாமன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரிம்மா. திரும்புதுன்னு சொல்ற, வெச்ச எடத்துலேயே கீதே.”

பச்சைப் புடவை

மொட்டை மாடிதான் எங்கள் டெஸ்ட் கூடம். காலையில் அளந்தால் பீமுக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு பீம் தெரிந்தது. மத்தியானம் அதைக் காணோம். டிசைன் கோளாறு என்று சேகர் சார் முடிவே கட்டிவிட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரமான பச்சைப் புடவையில் பட்டு அலை திரும்பி வருகிறது. புடவை காய்ந்ததும் ஊடுருவிப் போய்விடுகிறது.

கீழ்வீட்டு லலிதா அக்காதான் வீட்டுக்காரர். துணியைக் காலையில் மட்டும் மாடியின் மறுபக்கம் போட முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் வெயில் வராது என்றார். நான் அலையைப் பற்றி விளக்கினேன். அவர் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“ஏம்மா, என் புடவையையே தாண்டாதது ஊரப்பாக்கத்துல யார் வீட்டுக்குப் போகும்?”

ஊதா லைட்

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, வழி மறிக்கப்பட்டால் பீம் தானே வேறு வழி தேடும்படி புரோகிராமை மாற்றினேன். சேகர் சாரும் சும்மா இருக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், சுழல்கிற தட்டு வைத்த ஒரு மோட்டார் வாங்கிவந்தார். ஓரத்தில் ஊதா லைட் எரிந்தது. போர்டை அதன்மேல் வைத்துச் சுற்றவிட்டால் கஸ்டமருக்குத் திருப்தி என்றார்.

“சார், போர்டு சுத்தினா பீம் தப்பான பக்கம் போகும்.”

“அப்ப போர்டு ஓரமா இருக்கட்டும். மோட்டார் மட்டும் சுத்தட்டும்.”

மோட்டார் மேஜைக்கு வந்தால் நான் மாடிக்கு வர மாட்டேன் என்றேன். வேலைக்கு வந்தபிறகு அவரிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவர் தட்டை நிறுத்தினார்.

“சரி மேடம். தோத்தா உங்க பிடிவாதத்தாலதான் தோத்தோம்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.”

மாடியில் ஒரு நடை

பரந்தாமன் மறுபடி வந்த காலையிலும் கொடியில் ஈரப் புடவை. சேகர் சார் எடுக்கப் போனார். “இருக்கட்டும் சார்” என்றேன். அவர் காலடியில் ஒரு துணிப்பை புடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

பீம் வந்து சேர்ந்தால் லைட் எரிகிற ஒரு ரிசீவரைப் பரந்தாமன் கையில் கொடுத்து நடக்கச் சொன்னேன். அவர் போன பக்கமெல்லாம் அதில் பச்சை லைட் எரிந்தது. “இது எப்பவும் எரியற லைட்டா?” என்றார். லேப்டாப்பில் பீமை ஒரே திசையில் நிறுத்தினேன். அவர் நகர்ந்ததும் லைட் அணைந்தது. மறுபடி ஓடவிட்டேன், எரிந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராகப் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

லைட் அணைந்தது. சேகர் சாரின் கை பைக்குப் போனது. நான் கீபோர்டைத் தொடவில்லை. பீம் புடவையை விட்டு விலகி, மாடிப்படித் தகரக் கதவில் பட்டு எகிறி, அவர் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லைட் எரிந்தது. புடவைக்கு மேலாகப் பரந்தாமனின் தலை எழும்பிப் போர்டைப் பார்த்தது. போர்டு வைத்த இடத்தில் இருந்தது.

“டிராஃபிக் போலீஸ் மாதிரி நின்ன எடத்துல நின்னுகினே நம்மள தொரத்துதே” என்றார். “நம்ம தெருவுக்கு மொதல்ல போடு, பாப்போம். ஆனா மேல ஏதாச்சும் சுத்தற மாதிரி வெச்சுக் குடு, ஜனங்க நம்பணும்ல.”

“வெக்க மாட்டேன் சார்.”

அவர் ரிசீவரை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“சரி, வெக்காத. எவனாச்சும் மோட்டார் எங்கன்னு கேட்டா உன் நம்பரைக் குடுப்பேன், நீயே பதில் சொல்லிக்க.”

கண்ணுக்குத் தெரியாததைச் செய்வது என் வேலை என்றால், கண்ணில் காட்டு என்பது ஊரில் மற்ற எல்லோருடைய வேலையுமாக இருக்கிறது. சேகர் சார் துணிப்பையைக் காலால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார்.