மூன்று நாளும் ரோட்டோர நிரை

சொந்த அக்காவுக்கு மூன்றே நாளில் பதினான்கு பேரைப் பகையாக்கிக் கொடுக்க ஒரு மடையனால்தான் முடியும். நான் அதற்காகப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவன்.

என் பிழைப்பு பௌதிகம். துகள் கற்றையை ஓர் உலோகத் தகட்டின்மேல் பாய்ச்சினால் எந்தத் துகள் எந்தப் பக்கம் சிதறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் கோடிக்கணக்கான முறை தாயக்கட்டை உருட்டி, மொத்தத்தில் எப்படிச் சிதறும் என்று பார்ப்போம்.

லீவுக்கு இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அக்கா அங்கே கொழுந்து பறிக்கிறாள். காலையில் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு தேயிலை வரிசை, பிரித்துக் கொடுப்பது கங்காணியின் வேலை. எந்த மலையானாலும் ரோட்டோர நிரை சமதரை, கொழுந்தும் செழிப்பு. மேலே கல்லு நிரையோ முட்டியைக் கழற்றிவிடும். யாருக்கு எதைக் கொடுத்தாலும் கங்காணிக்குத் திட்டு.

"நான் போன்ல குலுக்கிப் போட்டுத் தர்றேங்க" என்று நானாக வாயைக் கொடுத்தேன்.

"குடுங்க தம்பி. இனி வசவெல்லாம் ஒங்களுக்குதான்" என்று கங்காணி அந்த நிமிடமே பதவி விலகினார்.

முதல் நாள் அக்காவுக்கு ரோட்டோரம். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாளும் போன் அவளுக்கே அதைக் கொடுத்தபோது எனக்குப் புல்லரித்தது. குலுக்கலுக்காக நான் போனில் எழுதிய நிரலில் பிழையா என்று துருவிப் பார்த்தேன், இல்லை. சுத்தமான தற்செயல்! இந்த நற்செய்தியைச் சொல்ல, தேத்தண்ணி நேரத்தில் மூச்சிரைக்க மலையேறினேன்.

"நெசமான குலுக்கல்ல சில நேரம் ஒரே ஆளுக்கு வரிசையா விழுந்துரும்ங்க. நாங்க ஆராயிற துகளும் இப்படித்தான்."

"அதுல ஒங்க அக்கா எந்தத் துகளுங்க தம்பி?" என்றாள் ஒருத்தி.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் கவனித்தேன். பதினான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தள்ளிப் போய், முதுகைக் காட்டியபடி தனியாக மென்றுகொண்டிருந்தாள். இருபது வருடமாக அந்த வட்டத்துக்குச் சம்பல் கொண்டுவந்தவள் அவள்.

அன்று மாலை, என் தொழிலில் பாவம் என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்தேன். அக்காவுக்குக் கல்லு நிரை மட்டுமே விழும்படி நிரலைத் திருத்தினேன். மறுநாள் அப்படியே விழுந்தது.

"இப்பதான் போனு நேர்மையா வேல செய்யுது" என்று கங்காணி என் முதுகில் தட்டினார்.

ஒழுங்காகக் குலுக்கியபோது கள்ளன். கள்ளத்தனம் பண்ணியதும் உத்தமன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். நேற்று எங்கே போய் விழுந்தோம் என்பது துகளுக்கு ஞாபகமிருக்காது. முட்டிக்கு இருக்கும்.

அன்று தேத்தண்ணி நேரத்தில் அக்கா வட்டத்துக்குள் இருந்தாள். ஒருத்தி அவளுக்கு ரொட்டி நீட்ட, இன்னொருத்தி அவள் காலை நீவிவிட்டாள்.

சாயந்தரம் லயத்து வீட்டு வாசலில் தைலம் தடவிக்கொண்டிருந்தவளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"நான்தான்க்கா வேணும்னே கல்லு நெரையப் போட்டேன். நாளைக்குப் பழையபடி மாத்திரவா?"

"நாளைக்கும் கல்லையே போடு."