சிவா எழுதாத பதில்

போன மாதம் பைக் விபத்தில் இறந்துபோன நண்பன் சிவாவின் அம்மா, இன்று அருள்புரத்தில் என் பிரவுசிங் சென்டருக்கு வந்தார்.

"கம்ப்யூட்டர்ல அவன் ஒரு ஆளைச் செஞ்சு வெச்சிருக்கானாமே. காட்டுங்க கண்ணு."

இணையத்தில் இருக்கும் ஒரு கற்பனை ஊரில், வருகிறவர்களிடம் தானாகப் பேசும்படி ஒருவனை சிவா இங்கே உட்கார்ந்துதான் புரோகிராம் செய்திருந்தான்; அதன் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். காட்டினேன்.

"சாப்டயான்னு கேளுங்க."

டைப் செய்தேன். 'நீங்கள் சொல்வது புரியவில்லை' என்று வந்ததைப் படித்துச் சொன்னேன்.

"இவனும் அப்படித்தானுங்களா? அவனும் கேட்டா ஒழுங்கா பதிலே சொல்ல மாட்டான்."

சிரித்தவர் அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் 'சாப்ட்டேம்மா' என்று புரோகிராமில் சேர்த்து, மறுபடி கேட்டுக் காட்டினேன். திரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவன் சொல்லாததை அவன் பெயரில் எழுதிவிட்டேன். நீங்களாக இருந்தால் வேறென்னதான் எழுதியிருப்பீர்கள், சொல்லுங்கள்.