யாழ்ப்பாணக் கிளையைப் பூட்ட விடாத எங்கள் அக்கா

எங்கள் அக்காவைக் கலியாண வீடுகளில் கண்ட நினைவு உறவினர் பலருக்கு இராது. வந்தாலும் பந்திக்கு முன்னரே புறப்பட்டுவிடுவார். ஏன் கலியாணம் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போயிருந்தார். அவரை அதிகம் அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காங்கேசன்துறையில், சீமெந்துத் தொழிற்சாலை லொறிகளைப் பராமரித்த தந்தையாரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். யுத்தம் எங்களைப் பண்டத்தரிப்புக்குக் கொண்டுவந்தது. அங்கேயே தந்தையாரை இழந்தோம். அம்மா தையல் தைத்து எங்கள் இருவரையும் படிப்பித்தார். அக்கா கொழும்பில் மோட்டார்ப் பொறியியல் படித்து, ஒரு வாகன நிறுவனத்தின் திருத்தப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவர் ஒருவரே பெண். மத்தியானச் சாப்பாட்டை உதிரிப்பாக அறையில் தனியே இருந்து உண்பாராம். அதை ஒரு முறைப்பாடாக அவர் சொன்னதில்லை.

யுத்தம் ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்தபின் அந்நிறுவனம் யாழ்ப்பாணத்தில் கிளை தொடங்கி, பொறுப்பை அக்காவிடம் கொடுத்தது. ஆரம்ப நாட்களில் குருநகர் மீன் வியாபாரி ஒருவர் பெரிய லொறி ஒன்று வாங்க வந்தார்.

"பிள்ளை, மனேஜரைக் கூப்பிடுங்கோ."

"நான்தான் மனேஜர், அண்ணை. இருங்கோ, கதைப்பம்."

அவருடைய வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பெரிய லொறி திரும்பாது என்று விளக்கி, சிறியதையே அக்கா விற்றார். "வித்த நாளோடை எங்கடை வேலை முடியிறேல்லை. அது ஓடுற வரைக்கும் நாங்கள்தான் பொறுப்பு" என்பார். பின்னர் வடபகுதிக் கிளைகள் அனைத்துக்கும் அவரே தலைவரானார்.

கணவரை இழந்து, பிள்ளைகளும் கனடா போனபின் நான் அக்காவோடு வந்து சேர்ந்தேன். அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. காட்சியறையில் ஒரு வாகனமும் இல்லை. கொழும்புக் கூட்டத்துக்குப் போய்வந்த அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"யாழ்ப்பாணக் கிளையைப் பூட்டச் சொல்லுகினம். எனக்குக் கொழும்பிலை பெரிய பதவி தருகினமாம்."

"இங்கை வேலை செய்யிற மற்றாக்கள்?"

"வீட்டை போகவேணுமாம். நான் ஏலாதெண்டன். பழைய வாகனங்களைத் திருத்தியே கிளையை நடத்திக் காட்டுறனெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

காட்சியறை கராஜ் ஆயிற்று. உதிரிப்பாகம் தேடி அக்கா ஊர் ஊராக அலைந்தார். புது வாகனம் வாங்க முடியாத சனங்கள் பழையவற்றைக் கொண்டுவந்தனர். ஒருவரும் வேலை இழக்கவில்லை. ஆனால் கொழும்பில் கூட வேலை செய்தவர்கள் மெல்ல மெல்ல அக்காவிடமிருந்து விலகினர். தன் பிறந்தநாளன்று, வாழ்த்துச் சொல்ல ஒருவர்கூட அழைக்காத கைபேசியைப் பார்த்து, "இப்ப அங்கை ஆருக்கும் என்னோடை கதைக்க ஒண்டுமில்லைப் போலை" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது அக்கா புற்றுநோயால் படுக்கையில் இருந்தார். முதல் வந்த புது வான் வண்டியை ஊழியர்கள் எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். நாங்கள் தூக்கி இருத்திய கதிரையில் இருந்தபடி, கண்களை மூடி, இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டார். "நல்லாயிருக்கு. கொண்டு போங்கோ, வாங்கின மனுசன் பாத்துக்கொண்டிருப்பான்" என்றார். அந்தக் கிழமையே எங்களைப் பிரிந்தார்.

வைத்தியர்கள், தாதியர், கஞ்சி கொண்டுவந்து தந்த அயலவர், இறுதிவரை முறை வைத்துத் துணையிருந்த கிளை ஊழியர்கள், தூர தேசங்களிலிருந்து திரையில் பார்த்து அழுத உறவுகள், அந்தியேட்டிக் கிரியைகளில் எங்களோடு நின்றவர்கள் அனைவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். பண்டத்தரிப்புப் பக்கம் வந்தால் எங்கள் படலையைத் தட்டுங்கள். முன்வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, ஆளில்லை என்று திரும்பிவிடாதீர்கள். நான் பின்பக்கம் குசினியில்தான் இருப்பேன்.

தங்கை