செல்வி அக்காவுக்கு எந்த போட்டோ

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்... சேக்காடு மொட்டைமாடி டிராயிங் குரூப்பில் இன்று பஜ்ஜி கிடையாது. எண்ணெய் தீர்ந்துவிட்டதாம்.

காலையில் இதைத்தான் டைப் செய்துகொண்டிருந்தேன். போஸ்ட் போடுவதற்குள் போன் வந்தது.

செல்வி அக்கா இறந்துட்டாங்க.

பல் தேய்க்கும்போது மயங்கி விழுந்தாராம். ஆஸ்பத்திரி போவதற்குள்... அவ்வளவுதான். எண்ணெய் தீந்துபோச்சுன்னு நேற்று மெசேஜ் போட்டவங்க.

தெரியாதவர்களுக்கு: பூந்தமல்லியில் பாய் நடத்தும் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். கடை பெயர்தான் ஃபிளெக்ஸ், ஆள் வளையவே மாட்டாங்க. அவங்களுக்கு அடுத்து இந்த ஏரியாவில் டிசைன் தெரிந்த ஆள் நான்தான். இது ஊருக்கே தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டு மாடியில் பெண்கள் எல்லாம் சேர்ந்து படம் வரைவோம். "பெண்கள் எல்லாம்" என்பதில் ஆம்பிளை நானும் அடக்கம். டீச்சர் கிடையாது, மார்க் கிடையாது. ஒரே ஒரு ரூல். யாரை வரைகிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

முதல் நாள் நான் ஒரு ஹீரோயின் வரைந்து பந்தாவாக நீட்டினேன். இடுப்பு சுண்டுவிரல் சைஸ்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இவ சாப்ட்டா சோறு எங்க போவும் நைனா?"

மாடியே சிரித்தது. அடுத்த வாரம் எல்லோரும் ஆவடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பை தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்களை வரைந்தோம். கேட்டுவிட்டுத்தான். நான் கேட்ட பூக்காரம்மா, உனக்கு வேற வேலை இல்லையா என்று திட்டிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

இன்னொரு நாள் கடையில் நான் இருந்தபோது ஒருத்தர் மஞ்சள் நீராட்டு விழா பேனருக்கு மகள் போட்டோ கொண்டுவந்தார். கொஞ்சம் வெள்ளையாக்கச் சொன்னார்.

"பாப்பாவைக் கூட்டினு வாங்கண்ணா. அது மூஞ்சி. அதுங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். தெரு முனையில் தன் முகமே வேண்டாம் என்று முணுமுணுத்தாள். அப்பாவோடு ஒரு மணி நேரம் பஞ்சாயத்து. கடைசியில் பேனரில் பெயர் மட்டும், பக்கத்தில் அவளே மவுஸால் வரைந்த அவளுடைய சைக்கிள்.

இது என்ன, பெண்ணியப் பேனர் கடையா என்று ஓட்டினேன். "ஆமாண்டா, போர்டு எழுதிக் குடு" என்றார் அக்கா.

இன்று மதியம் அதே கடை. அக்காவின் அண்ணன் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஒரு ஸ்டுடியோ போட்டோ கொண்டுவந்தார். பவுடர் பூசி, கழுத்து நிறைய நகையோடு, யாரோ ஒருத்தி மாதிரி அக்கா. பாய் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. கூட வந்த குரூப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் சேரில் போய் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் கலரா பண்ணு தம்பி. நல்லா இருக்கட்டும்."

பழக்க தோஷம். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

பிரின்டரும் அப்போது பார்த்து நின்றது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தன் போனை எடுத்து, அக்காவின் வாட்ஸாப்பைத் திறந்து, என்னிடம் நீட்டினார். டிபி போட்டோ. கண் மூடிச் சிரிக்கிற செல்ஃபி. மூக்கில் எண்ணெய் மின்னுகிறது, முன்பல் துருத்திக்கொண்டு நிற்கிறது, அவங்க கறுப்பு அப்படியே இருக்கிறது.

"இது அவளே வெச்சிக்கினது," என்றார். "ஒண்ணும் பண்ணாத. அப்டியே போடு."

போட்டாச்சு. சேக்காடு முனையில் கட்டியிருக்கிறது.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். சொல்லிவிடுகிறேன்... பேனரைச் செய்தது நம்ம குரூப் நளினி. நான் சேரை விட்டு எழுந்துவிட்டேன். கை நடுங்குது என்று சொன்னேன்.

நடுங்கவில்லை அக்கா. எனக்கு அந்த சாஃப்ட்வேரில் ஒரு எழுத்து வைக்கக்கூடத் தெரியாது.

போய் வாங்க.