ஆட்டு வாயில் இருந்த பூ

அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். துரை. துரை பங்களாவுக்கு விருந்தாளியாக வந்திருந்த வெள்ளைக்கார அம்மா. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, இங்கிலீஸும் தமிழும் அவர் ஒருத்தருக்குத்தான் சரியாக வரும். எங்கள் கங்காணி. என் நாத்தனா. நான். என் ஆடு.

ஆடுதான் குற்றவாளி.

தேயிலைக்குள் ஆடு வரக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். முதல் தடவை பிடிபட்டால் ஏச்சு. இரண்டாம் தடவையும் ஏச்சுதான், கொஞ்சம் நீளமாக. மூன்றாம் தடவை பிடிபட்டால் ஆடு டவுன் கசாப்புக்கடைக்குப் போய்விடும். இது மூன்றாம் தடவை. ஆறாம் நம்பர் மலையில் வைத்துப் பிடித்து, கங்காணி கயிற்றோடு இழுத்து வந்துவிட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாத்தனா கூப்பிடாமலே வந்தாள்.

பானை, சட்டி, பாய் எல்லாம் வீட்டுக்கு. எனக்கென்று இருந்தது அந்த ஆடு ஒன்றுதான். முதல் சினை வேறு.

பேசி என்ன ஆகப்போகிறது. துரை சொல்லவேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா ஒரு சத்தம் போட்டார்.

ஆட்டைப் பார்த்துத்தான் சத்தம். ஆடு எதையோ மென்றுகொண்டு நின்றது. வாய்க்கு வெளியே ஒரு காம்பு தொங்கியது, நுனியில் ஒரு ஊதாப் பூ. அந்த அம்மா ஓடிவந்து காம்பைப் பிடித்து இழுத்தார். ஆடு விடவில்லை. அதுவும் இழுத்தது. வெள்ளைக்காரங்களோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் அதுதான். கடைசியில் பாதி அவருக்கு, பாதி ஆட்டுக்கு.

பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூச்சு விடாமல் பேசினார்.

“இப்படி ஒரு செடி இதுவரைக்கும் எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையாம்,” என்றார் கண்டாக்கையா. “துளசிக் குடும்பமாம்.”

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“குடும்பம்னா, மாமியா யாருங்க?” என்றாள் நாத்தனா.

“வாய மூடு புள்ள,” என்றார் கங்காணி.

அந்த அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, காம்பை என் விரலுக்குள் வைத்து உருட்டச் சொன்னார். உருட்டினேன். உருளவில்லை. நாலு மூலை, நெருப்புக்குச்சி மாதிரி. துளசிக்கும் அப்படித்தானாம். அத்தனை நாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றியும் எனக்கு அது தெரியாது. இலையைக் கசக்கினால் மிளகு ரசம் கொதிக்கிற வாசம். அப்படி மணக்கிற தழையை ஆடு தொடாது. என் ஆடு தொடும். கங்காணியின் கம்பளியையே கடித்த ஆடு.

ஆனால் கையில் கிடைத்தது பாதிப் பூ. மிச்சம் ஆட்டுக்குள் போய்விட்டது. முழுப் பூ இல்லாமல் புஸ்தகத்தில் எழுத முடியாது என்றார் அந்த அம்மா. துரை யோசித்து ஒரு முடிவு சொன்னார். கண்டாக்கையா அதைத் தமிழில் சொன்னார்.

“முழுப் பூ ஒன்னு வந்தா ஆடு நிக்கலாம். இல்லாட்டி நாளைக்கு டவுனுக்கு. செடி எங்க இருக்கு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆட்டைப் பார்த்தேன்.

கயிற்றைத் தளர விட்டேன். ஆடு முன்னால் போனது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான், பின்னால் மற்றவர்கள். பார்த்தவர்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆடு நேரே கண்டாக்கையா வீட்டுப் பின்பக்கம் போனது. வேலியில் ஒரு ஓட்டை. உள்ளே போஞ்சிக்காய்க் கொடிப் பந்தல். ஆடு குனிந்து சுகமாக நுழைந்தது.

“இந்த ஓட்ட இதுக்கு எப்படித் தெரியும்?” என்றார் கண்டாக்கையா.

“இப்பத்தாங்க பாக்குது,” என்றேன்.

ஓட்டையின் ஓரமெல்லாம் ஆட்டு மயிர்.

“பெருச்சாளின்னு நெனச்சு மூணு மாசமா பொறி வெக்கிறேன்,” என்றார். நான் கயிற்றை இழுத்தேன்.

அடுத்தது துரை பங்களாத் தோட்டம். டேலியாப் பாத்தியில் ஒரு வரிசை முழுக்க மொட்டைக் காம்பு. ஆடு அடுத்த வரிசைக்குப் போனது. துரை அதுவரைக்கும் முயல் என்று நம்பிக்கொண்டிருந்தாராம். காது சிவந்தது. அந்த அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஆடு செய்த குற்றத்தையெல்லாம் ஆடே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறது. நான் என்ன செய்ய.

அப்புறம்தான் ஆறாம் நம்பர் மலைக்கு ஏறியது. உச்சியில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், தண்ணீர் கசிகிற ஒரு பாறை. அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. அந்த அம்மாவின் சப்பாத்து வழுக்கியது. துரை அவரோடு கீழேயே நின்றுவிட்டார், கங்காணியும்தான். கண்டாக்கையா பாதி தூரத்தில் நின்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

“ரெண்டு பேரும் போயி எடுத்துட்டு வாங்க! நல்லதாப் பாத்து எடுங்க!”

நானும் நாத்தனாவும் ஏறினோம். ஆட்டைப் பக்கத்து மரத்தில் கட்டினேன்.

பாறை இடுக்கில் ஒரு பாய் அகலத்துக்குச் செடி. முழங்கால் உயரம். இலை ஜோடி ஜோடியாக. ஒரு ஜோடி கிழக்கு மேற்கு பார்த்தால் அடுத்த ஜோடி தெற்கு வடக்கு. பூவுக்கு உதடு இரண்டு. மேலுதடு சின்னது. கீழுதடு தொங்கிக்கொண்டிருந்தது, கோபித்துக்கொண்டவள் மாதிரி. தொண்டைக்குள் மஞ்சள் புள்ளி.

பார்த்தது அவ்வளவுதான். எடு என்றார், எடுத்தோம். எடு என்றால் எங்களுக்குக் கொழுந்து எடுப்பது ஒன்றுதான். இரண்டு இலை, ஒரு மொட்டு. கை தானாகப் போகும். பூவைக் கிள்ளித் தண்ணீரில் எறிந்தோம். முத்தல் இலையைத் தொடவில்லை. ஓரத்தில் எட்டாத நாலு கொத்து போக, மட்டம் பிசகாமல் எடுத்து முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்துக் கொட்டினேன்.

“முத்தல் ஒன்னு கெடையாதுங்க,” என்றேன்.

அந்த அம்மா குனிந்து கிளறினார். திரும்பவும் கிளறினார். சின்னக் குரலில் ஏதோ கேட்டார்.

“பூ எங்கம்மா?” என்றார் கண்டாக்கையா.

“கழிச்சிட்டோம்ங்க.”

“கழிச்சிட்டீங்களா!”

“பின்ன?” என்றாள் நாத்தனா. “பூவக் கூடையில போட்டா நிறுக்கிற எடத்துல ஏசறது யாரு? போன வாரம் ஒரே ஒரு தேயிலப் பூவுக்கு எங்க பாட்டன் வரைக்கும் இழுத்தீங்களே!”

கண்டாக்கையா அதை இங்கிலீஸில் சொல்லவில்லை.

துரை ஆட்டைத் தேடிப் பார்த்தார். நான் திரும்ப மேலே ஓடினேன். எறிந்த பூவெல்லாம் தண்ணீரோடு போயிருந்தது. எட்டாமல் விட்ட கொத்து நினைவுக்கு வந்தது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கேதான் நின்றது. வாய் ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்குத்தான் இருந்தது.

அறுந்த மிச்சக் கயிற்றோடு ஆட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

“இல்லைங்க,” என்றேன்.

கங்காணி கயிற்றுக்குக் கை நீட்டினார். கயிற்றை என் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். கொடுக்கத்தான் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுக்கலாம் என்று நின்றேன்.

நாத்தனா ஒதுங்கி நின்றாள். கழுத்தை ஆட்டாமல், தண்ணீர்க்குடம் வைத்தவள் மாதிரி. வாய் வேறு மூடியிருந்தது. அவள் வாய் மூடியிருந்தால் ஏதோ இருக்கிறது.

“ஏ புள்ள, திரும்பு.”

“எதுக்கு மதினி?”

“திரும்புடி. தலத் துண்டக் கழட்டு.”

கழற்றினாள். கொண்டையில் ஒரு கொத்துப் பூ, வாடாமல்.

“எறியுறதுதானேன்னு ஒன்னு வெச்சேன்,” என்றாள்.

அந்த அம்மா இரண்டு கையாலும் அதை எடுத்தார். மேலுதடு இருந்தது, கீழுதடு இருந்தது, மஞ்சள் புள்ளி இருந்தது. காகிதத்துக்குள் வைத்து மூடினார்.

“தல எண்ண ஒட்டியிருக்கும், தொடச்சுக்கச் சொல்லுங்க,” என்றாள் நாத்தனா. “அப்ப எனக்குப் பூ?”

இதைக் கண்டாக்கையா இங்கிலீஸில் சொன்னார். துரை சிரித்துவிட்டார். பங்களாவிலிருந்து ஒரு டேலியா வந்தது. ஆடு ஒரு பக்கம் கடித்த டேலியா. கடித்த பக்கத்தை உள்ளே வைத்துச் சொருகிக்கொண்டாள்.

ஊரில் இதற்கு என்ன பேர் என்று அந்த அம்மா கேட்டாராம். பேர் இல்லை. ஆடு தவிர யாரும் பார்த்ததில்லை. 

“நாத்தனாப் பூ,” என்றேன். “கீழுதடு தொங்குதுங்களே.”

அப்படியே எழுதிக்கொண்டார். நாத்தனா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உதடு அதே மாதிரிதான் இருந்தது.

புஸ்தகத்தில் என்ன பேர் போட்டார்கள் என்று தெரியாது. செடி சாகவில்லை. கிள்ளியது நல்லதாகப் போய், அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாகத் தழைத்தது. ஆடு அதற்கப்புறமும் தேயிலைக்குள் வந்தது. துளசியைத் தின்ற ஆடு என்று கங்காணி விலகி நடந்தார். கண்டாக்கையா வேலி ஓட்டையை அடைத்தார். ஆடு வேறு ஓட்டை போட்டது.

ஆறு வருஷம் என்னிடம் நின்றது. போட்ட குட்டி பதினொன்று.