லெட்சுமியிடம் சொன்ன கதை

செங் வட்டாரத்தில் நான் வேலைபார்க்கும் தொழிற்சாலையில் கைகழுவும் மருந்து சோப்பின் வாசனை, இதே இடத்தில் முன்பிருந்த எங்கள் எஸ்டேட் மாட்டுக்கொட்டகைக்கு இன்று என்னைக் கொண்டுபோய்விட்டது. அன்று வயிற்றில் கன்று குறுக்காகக் கிடந்ததால் எங்கள் பசு லெட்சுமி ஈன முடியாமல் தவித்தது. மலாக்கா டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டரம்மா, தோள்வரை சோப்புப் போட்டுக் கையை உள்ளே விட்டபடி, "அக்கா, அது பயப்படுது, நீங்க பேசிக்கிட்டே இருங்க லா" என்றார்.

யாரிடமும் அதிகம் பேசாத அம்மா, பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, கல்யாணமாகி வந்தது, ரப்பர் பால்மரம் சீவப் பழகியது, அப்பா இறந்தது என்று நான் கேட்டேயிராததையெல்லாம் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா வியர்வை வழியக் கன்றை மெல்லத் திருப்பியவாறே ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டினார்.

கன்று உயிரோடு வந்து விழுந்ததும் அம்மா சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சுக்கா?" என்று கேட்டார்.